மஞ்சக்கடம்புப் பலகையில் ஒரு பெயர்

ஜெரோமுக்குக் காகிதம் விற்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு ரத்த அழுத்தம் வந்தது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். வீட்டில் ஜெரோமைக் குறைக்கச் சொன்னார்கள். இரண்டும் என்னால் முடியவில்லை.

உக்கடத்தில் பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பெயர் இல்யாஸ். எனக்கு எதுவும் சட்டுப்புட்டென்று நடக்க வேண்டும். ஜெரோம் துடியலூர்க்காரர், வயது ஐம்பத்தைந்து, அவருக்கு எதுவும் சட்டுப்புட்டென்று நடக்கக் கூடாது. எப்படிச் சிநேகமானோம் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

கணபதியில் ஒரு பேட்டர்ன் பட்டறையில் அவருக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். பம்ப்செட் உறையோ பல்சக்கரமோ, எதை இரும்பில் வார்க்க வேண்டுமென்றாலும் அதே உருவத்தை முதலில் மரத்தில் செய்து மணலில் பதிக்க வேண்டும். அந்த மர உருவத்தைச் செய்கிறவர்களில் ஜெரோம் ஒருவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அடிக்க ஒரு பலகை செதுக்கிக் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. பட்டறை விட்டு வந்ததும் வீட்டுப் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்துவிடுவார். அவர் அடித்த படங்களை வாங்கிப் போகச் சென்னையிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள்.

வேலை பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். படத்தை மெல்லிய தாளில் வரைந்து பலகையில் கவிழ்த்து ஒட்டுவார். கோடும் எழுத்தும் மட்டும் மேடாக நிற்கும்படி மற்ற இடத்தையெல்லாம் உளியால் எடுப்பார். மேட்டில் ரோலரால் மை தடவி, லேசாக ஈரப்படுத்திய காகிதத்தை மேலே விரித்து, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்ப்பார். தேய்ப்பார், தேய்ப்பார், தேய்த்துக்கொண்டே இருப்பார். ஒரு தாளுக்குப் பத்து நிமிஷம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்குக் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். "பாய், காலை ஆட்டாதீங்க, பலகை அதிருது" என்பார். கோபமே இல்லாமல் சொல்வார், அதுதான் எரிச்சல்.

இந்த மனுஷனுக்கு ஒரே பெண், இளவேனில். ஆஸ்பத்திரி லேபில் வேலை. அம்மா இறந்து ஆறு வருஷமாகிறது. அவளும் நிதீஷ் என்ற பையனும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். நிதீஷின் அப்பா நஞ்சுண்டன், சத்தியமங்கலத்துப் பக்கம் மஞ்சளும் வாழையும் போடுகிற தோட்டத்துக்காரர். ஜெரோமின் அப்பா அந்த மாதிரித் தோட்டங்களில் மண்வெட்டி பிடித்தவர். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு வருஷம் இழுத்தது. கடைசியில் போன ஆனி மாதம் நஞ்சுண்டன் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு துடியலூருக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு "இருக்கட்டுங்க" என்று நின்றுகொண்டே பேசினார். போகும்போது கதவைத் திறந்தபடி, "கல்யாணப் பத்திரிகையில என்ற பேரைப் போட்டுக்கங்க" என்று தன் பெயரைப் போடச் சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக ஜெரோம் அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் அழுதார் என்று இளவேனில் என்னிடம் சொன்னாள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பையனுடைய அப்பா பெயர் போட்டு அழைத்தால் அது வீட்டுக் கல்யாணம். பெயர் இல்லாவிட்டால் ஓடிப்போனவர்களுக்கு ஊரார் பாவம் பார்த்து நடத்திவைத்த கல்யாணம். பெயரில்லாத பத்திரிகையோடு அந்த வீட்டுக்குள் போகிற பெண்ணை யார் மருமகள் என்பார்கள்? நஞ்சுண்டனுக்கு மூத்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை, தம்பியைத் தினமும் குடைந்துகொண்டிருந்தார். அதனால் நஞ்சுண்டன் சொன்ன சொல் எத்தனை நாள் நிற்கும் என்கிற பயம் ஜெரோமைப் பிடித்துக்கொண்டது.

பத்திரிகையைக் கையால் பலகையில் அடிக்கப் போகிறேன் என்று ஜெரோம் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு என்னங்க ஆச்சு? எங்க கடைக்கு நாலு கடை தள்ளி ஆஃப்செட் இருக்குது. காலைல கொடுத்தா சாயங்காலம் வாங்கிப்போடலாம். நூத்தம்பது பத்திரிகையைக் கரண்டியில தேச்சுக்கிட்டு உக்காந்திருக்கற நேரமா இது?"

"கம்ப்யூட்டர்ல ஒரு பேரை எடுக்க எத்தனை நேரமாகும் பாய்?"

"ஒரு நொடி."

"அதுக்குத்தானுங்க" என்றார். "அவங்கண்ணன் ஒரு போன் போட்டா, இவரு ஒரு போன் போடுவாரு, பேரு போயிரும். மரத்துல வெட்டிப்போட்டா எடுக்கச் சொல்ல நாக்கு வராதுங்க. பத்து நாள் குனிஞ்சு வெட்டினதுங்கன்னு நாம சொல்லலாமுல்ல."

இதை ஒரு பாதுகாப்பு என்று நம்புகிற மனுஷனிடம் என்ன சொல்வது?

கல்யாணம் ஆவணி இருபத்தொன்று. காலையில் பதிவு அலுவலகம், மாலையில் மண்டபத்தில் வரவேற்பு. ஆடியில் யாரும் பத்திரிகை வைக்க மாட்டார்கள். ஆவணி ஒன்றாம் தேதி, முதல் பத்திரிகையை நஞ்சுண்டன் அவர்கள் குலதெய்வம் கோயிலில் வைக்க வேண்டும், அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு. ஆக, ஆனியில் மிச்ச நாளும் ஆடி முழுவதும் ஜெரோமுக்கு வேலை நாள்.

நூற்றெழுபது தாள் கையால் செய்யும் காகிதம் வரவழைத்துக் கொடுத்தேன். இருபது தாள் வீணாகப் போவதற்கு. ஈரக் காற்றில் காகிதம் காயாது என்பதால் அதற்கு மேல் இந்த மாதம் ஒரு தாள்கூடக் கிடைக்காது என்று காகிதக்காரர் கையை விரித்துவிட்டார். இரண்டு பலகை. முதலாவது மஞ்சள் நிறத்துக்கு: தாளின் நாலு ஓரமும் மஞ்சள் செடியின் இலை. இரண்டாவது கறுப்புக்கு: இலைகளின் நரம்பும் விளிம்பும், நடுவில் எழுத்துகளும். மஞ்சளை நூற்றெழுபது தாளிலும் அடித்து முடித்துவிட்டார். கறுப்புப் பலகையை வெட்டப் பத்தொன்பது நாள் பிடித்தது.

முதல் தாளை எடுக்கிற அன்றைக்குக் கடையை மைத்துனனிடம் விட்டுவிட்டுப் போனேன். ஆவணிக்கு ஒன்பது நாள் இருந்தது. ஜெரோம் தேய்த்தார். மூலையைப் பிடித்து மெதுவாக, மிக மெதுவாக உரித்தார்.

இடது ஓரம் பிரமாதம். இலைக்குள் மஞ்சள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. வலப்பக்கம் போகப்போக மஞ்சள் கோட்டைவிட்டு விலகி, கடைசி வரிசையில் இலை ஓரிடத்திலும் நிறம் ஓரிடத்திலுமாக நின்றது.

இன்னொரு தாள் எடுத்தார். அதேதான். தாளை நகர்த்தி வைத்து மூன்றாவது எடுத்தார். இந்த முறை வலது ஓரம் சரி, இடது ஓரம் தப்பு.

"காயிதம் சுருங்கிப்போச்சுங்களா பாய்?"

எனக்கு வந்ததே கோபம். "என்ற காயிதத்தைச் சொல்லாதீங்க. முப்பது வருஷமா காயிதம் விக்கறேன். பலகையை அளந்து பாருங்க மொதல்ல!"

அளந்தார். சரியாக ஓரடி. அவருடைய ஸ்டீல் ஸ்கேலை என்னிடம் காட்டினார். நான் என் பையிலிருந்து கடை ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஓரடியும் ஒரு நூலும். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

இரண்டு ஸ்கேலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஜெரோமின் ஸ்கேல் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் கையில் இருந்தது பட்டறை ஸ்கேல். காய்ச்சி ஊற்றின இரும்பு ஆறும்போது அடிக்கு ஒரு நூல் சுருங்கும். அதனால் மர உருவத்தை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று ஸ்கேலிலேயே அங்குலங்களை இழுத்துப் போட்டிருப்பார்கள். ஷ்ரிங்கேஜ் ஸ்கேல் என்று பெயர். பார்வைக்குச் சாதாரண ஸ்கேல்தான். மஞ்சள் பலகையை வீட்டு ஸ்கேலில் அளந்தவர், கறுப்புக்கான தாளைப் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் வைத்து வரைந்திருக்கிறார். கைக்குப் பழகின ஸ்கேலைக் கை எடுத்திருக்கிறது. பிறகு அதுவும் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

"கல்யாணப் பத்திரிகை ஆறினா சுருங்கும்னு இடம் விட்ட ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தானுங்க" என்று சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

மஞ்சள் எல்லாத் தாளிலும் ஏறிவிட்டது. வேறு தாள் கிடையாது. மாற்ற வேண்டுமென்றால் கறுப்புப் பலகையைத்தான் மாற்ற வேண்டும், அதாவது எழுத்து முழுவதையும் மறுபடி வெட்ட வேண்டும். பத்தொன்பது நாள் வேலையை ஆறு நாளில் முடித்தால்தான் அடிக்க மூன்று நாள் கிடைக்கும்.

"இப்படியே அடிச்சுப்போடுங்க. ஒரு நூல்தான், யாரு பார்க்கப் போறாங்க?"

"அவங்கண்ணன் பார்ப்பாருங்க. ஒரு பத்திரிகைகூட ஒழுங்கா அடிக்கத் தெரியாதவங்க ஊட்டுல போயி பொண்ணெடுக்கறியான்னு கேப்பாரு." இரண்டு ஸ்கேலையும் தள்ளி வைத்தார். பிறகு, "பாய், மறுபடி வெட்டறது யாருக்கும் தெரியவேண்டாமுங்க. புதுசா வெட்டறேன்னு தெரிஞ்சா, அவருக்கு யோசிக்க இன்னொரு வாட்டி இடம் கொடுத்த மாதிரி ஆயிரும். இன்னும் வெட்டலைன்னா எடுக்கறது சுலபமுங்களே" என்றார்.

அல்லாமேல் ஆணையாக யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன்.

மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன்.

எப்படி என்று கேட்காதீர்கள். கடையில் நாலு பேர் நிற்கிறார்கள், ஒரு கையில் பசை, ஒரு கையில் போன். "ஏனுங்க, நஞ்சுண்டன் பேசறேனுங்க. ஜெரோம் போனை எடுக்க மாட்டேங்கறாரு. பத்திரிகை ஆயிருச்சுங்களா?" என்று கேட்டார். "எங்கீங்க, பலகை அளவு தப்பாப்போச்சுங்க, புதுசா வெட்டிட்டு இருக்காரு" என்று என் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் மூளை வந்தது.

பசைக் கையைத் துடைத்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்தினேன்.

"அப்படீங்களா" என்றார். "இனிமேத்தான் வெட்டறாருங்களா... சரிங்க. அதுவும் ஒரு வகையில நல்லதுதான். நாளைக்குக் காலையில நேர்ல வாரேன்னு சொல்லுங்க."

அதுவும் ஒரு வகையில் நல்லதுதான். அந்தச் சொல்லை ராத்திரி முழுவதும் மென்றேன். யாருக்கு நல்லது? நாக்கை அறுத்து வீசலாம் போலிருந்தது. ஜெரோமிடம் போனில் சொல்லத் தைரியமில்லை. காலை ஏழு மணிக்கே வண்டியை எடுத்துக்கொண்டு துடியலூர் போனேன்.

ஜெரோம் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டுக் கொட்டகையில் குனிந்திருந்தார். கண்ணெல்லாம் சிவப்பு. புதுப் பலகை, மஞ்சக்கடம்பு மரம், மேலே எழுத்துத் தாள் ஒட்டியிருந்தது. மூன்று நாளில் பாதியாவது முடித்திருப்பார் என்று எட்டிப் பார்த்தேன். பலகை முழுவதும் அப்படியே இருந்தது. இலை இல்லை, ஓரம் இல்லை, மணமக்கள் பெயர் இல்லை. நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் வெட்டி முடித்திருந்தது. இடவலம் மாறின எழுத்தைப் படிக்க எனக்குக் கொஞ்ச நேரமாகும். நஞ்சுண்டன்.

மர வேலைக்காரர்கள் யாரும் நடுவிலிருந்து ஆரம்பிக்க மாட்டார்கள். மேல் மூலையில் தொடங்கி இறங்கி வருவார்கள், அப்போதுதான் வெட்டின எழுத்தின் மேல் கை படாது. அதுவும் இந்தப் பெயரில் மூன்று புள்ளி. சுற்றி எடுத்த பிறகு புள்ளி கடுகளவு முளையாகத் தனியே நிற்கும், உளி கொஞ்சம் சாய்ந்தால் தெறித்துவிடும். முந்தாநாள் ஒரு புள்ளி தெறித்து, ஒரு பலகையையே தூக்கிப் போட்டுவிட்டு இதை எடுத்திருக்கிறார். நான் நேராகவே கேட்டேன், ஏன் இப்படி என்று.

"இந்தப் பேரு மொதல்ல நின்னுரட்டும்னுதான் பாய்" என்றார்.

நான் செய்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். உளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தொடையில் துடைத்தார். "இளவேனில்கிட்டச் சொல்ல வேண்டாமுங்க" என்றார். இளவேனில் சமையலறை வாசலில்தான் நின்றிருந்தாள், டூட்டிக்குக் கிளம்பி, கையில் டிபன் டப்பாவோடு. எல்லாம் கேட்டிருந்தாள், டூட்டிக்குப் போகாமல் அங்கேயே நின்றுவிட்டாள்.

எட்டரைக்குக் கார் வந்தது. நஞ்சுண்டன் நேராகக் கொட்டகைக்கே வந்தார். அவருக்கும் தூக்கமில்லை என்று முகம் சொன்னது. உட்காரவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"நேத்து அண்ணன் ஊட்டுக்கு வந்து ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டாருங்க. நீ செத்தாக்கூட வரமாட்டேன், உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டாரு. கல்யாணத்துக்கு நான் வாரேனுங்க. முன்னால நிக்கறேன், கையெழுத்தும் போடறேன். அதுல மாத்தமில்ல. பத்திரிகையில மட்டும் என்ற பேரு வேண்டாமுங்க. புதுசாத்தானே வெட்டறீங்க."

இளவேனில் டிபன் டப்பாவைக் கீழே வைத்தாள். அந்தச் சின்னச் சத்தம்தான் கேட்டது.

ஜெரோம் பலகையைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார். நஞ்சுண்டன் குனிந்து பார்த்தார். அவருக்கும் படிக்க நேரமானது. விரலை அந்த வரியின் மேல் கொண்டுபோனவர், தொடுவதற்கு முன் நிறுத்தி, "தொடலாமுங்களா?" என்று கேட்டார்.

"தொடுங்க. புள்ளியில மட்டும் அழுத்தாதீங்க."

தடவிப் பார்த்தார். "இதுக்கு எத்தனை நாளாச்சுங்க?"

"மூணு நாளுங்க. உங்க பேருக்கு மட்டும்."

"மத்ததெல்லாம்?"

"இனிமேத்தானுங்க."

"ஏனுங்க, மொதல்ல என்ற பேரு?"

ஜெரோம் பொய் சொல்லியிருக்கலாம். மரியாதைக்கு என்று சொல்லியிருக்கலாம். "நீங்க மனசு மாறிருவீங்கன்னு பயந்துபோயிங்க" என்றார். "வெட்டினதைக் காட்டினா எடுக்கச் சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன்."

நஞ்சுண்டன் விரலை அந்த வரியிலிருந்து எடுத்தார். "இதை எடுக்கோணும்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"சீவிப்போடலாமுங்க. ரெண்டு நிமிஷ வேலை." ஜெரோம் தட்டை உளியை எடுத்தார். கைப்பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டினார். "நான் வெட்டினதை நான் சீவ மாட்டேனுங்க. நீங்களே சீவிப்போடுங்க."

ஜெரோம் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கெடுத்துவிட்டாரே, கெஞ்சியிருக்கலாமே, காலில்கூட விழுந்திருக்கலாமே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

நஞ்சுண்டன் உளியை வாங்கிக்கொண்டார். மண்வெட்டியும் அரிவாளும் பிடித்த கைதான், உளியைப் பிடிக்கத் தெரியாமலில்லை. பலகையின் மேல் குனிந்தார். உளியின் வாயை முதல் எழுத்தின் ஓரத்தில் வைத்தார். வைத்தபடியே நின்றார். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஜெரோம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், இளவேனில் மூடவில்லை.

"அம்மணி பேரு எங்கீங்க வரும்?" என்று நஞ்சுண்டன் கேட்டார், குனிந்தபடியே.

இளவேனில்தான் வந்து விரலை வைத்துக் காட்டினாள். அவர் பெயருக்கு மேல் வரி, நிதீஷ் பெயருக்குப் பக்கத்தில்.

நஞ்சுண்டன் நிமிர்ந்தார். உளியை, வாங்கின மாதிரியே கைப்பிடி முன்னால் இருக்கும்படி திருப்பி, ஜெரோமிடம் நீட்டினார்.

"அதையும் வெட்டிப்போடுங்க" என்றார். "ஒண்ணாந்தேதி நான் கோயிலுக்கு எடுத்துட்டுப் போகோணும். அண்ணங்கிட்ட நான் பேசிக்கறேன். வராட்டி, அவரு வரலைங்க, அவ்வளவுதான்."

கார் போன பிறகு இளவேனில் அப்பாவின் தலையில் ஒரு நிமிஷம் கையை வைத்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பினாள். ஆறு நாளில் மூன்று போய்விட்டது, மூன்றே நாள் பாக்கி, உடனே ஆரம்பியுங்கள் என்று நான் கத்தினேன். ஜெரோம் உளியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் அவரால் ஒரு கோடு வெட்ட முடியவில்லை, பிறகுதான் இளவேனில் பெயரின் முதல் எழுத்தில் உளியை வைத்தார்.